ஒரு வாத்தியத்துக்கு ஒரே ஆள்: 1965–80 ராக் குழுவுக்கு உங்கள் தேர்வு யார், ஏன்?

தாளக்கட்டு

கிளாசிக் ராக் பட்டியல் போட்டால் மூன்றாவது பதிவிலேயே "இவரை மிஞ்ச ஆளில்லை" என்பதில் வந்து நின்றுவிடுகிறது. இங்கே கொஞ்சம் மாற்றிச் செய்வோம். 1965 முதல் 1980 வரை வந்த இசைத்தட்டுகளில் இருந்து டிரம்ஸ், பேஸ், கிடார், கீபோர்ட் நான்குக்கும் ஒவ்வொருவர். பெயர் மட்டும் போதாது. எந்தப் பாட்டு, அதில் காதை எங்கே வைக்க வேண்டும், அந்த ஒலி எப்படி வந்தது, வாசித்துப் பார்ப்பவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

டிரம்ஸுக்கு என் தேர்வு ஜான் பான்ஹம். 1971இல் வந்த லெட் ஸெப்பலின் நான்காம் தட்டின் கடைசிப் பாட்டு 'வென் த லெவீ பிரேக்ஸ்'. அதன் முதல் இரண்டு ஆவர்த்தனம் போதும். ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் மாடிப்படிக் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மேலே இருந்து இரண்டு பேயர்டைனமிக் எம்160 ரிப்பன் மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தவர் ஆண்டி ஜான்ஸ். பின்ஸன் எக்கோரெக் என்ற எதிரொலிக் கருவி வழியாகவும் ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் வழியாகவும் அந்த ஒலியை அனுப்பினார். பாட்டில் நமக்குக் கேட்பதில் பாதி டிரம்ஸ், மீதிப் பாதி அந்தக் கூடம்.

பான்ஹம் வாசித்தது லுட்விக் செட். காலால் அடிக்கும் பாஸ் டிரம் (கிக்) 26 அங்குலம், மேல் டாம் 14, தரையில் நிற்கும் டாம்கள் 16, 18, ஸ்நேர் (அடியில் கம்பிகள் அதிரும் டிரம்) ஆறரை அங்குல ஆழமுள்ள சுப்ராஃபோனிக். பெரிய ஒலி வேண்டும் என்று தோலைத் தளர்த்தி உள்ளே தலையணையைத் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பான்ஹம் செய்தது நேர் எதிர். தோலை இறுக்கமாக, உயர்ந்த சுருதியில் வைத்தார், திணிப்பு கிடையாது. ஆழத்தைக் கொடுத்தது டிரம்மின் அளவு, நீளத்தைக் கொடுத்தது அறை. தலையணை வைத்துவிட்டு மைக்கைத் தூரத்தில் வைத்தால் 'டக்' என்ற முனை மட்டும்தான் வந்து சேரும்.

தூர மைக்கில் இன்னொரு சிக்கல் உண்டு. கிக், ஸ்நேர், சிம்பல் எதையும் பின்னால் மிக்ஸில் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க முடியாது. சமநிலை வாசிப்பவர் கையிலேயே இருக்க வேண்டும். சிம்பலை அடக்கி, ஸ்நேரையும் கிக்கையும் நிறைவாக அடிக்கத் தெரியாதவர் அதே கூடத்தில் அதே மைக்கில் வாசித்தாலும் சிம்பல் இரைச்சல்தான் மிஞ்சும். அதனால்தான் இவரைச் சொல்கிறேன்.

கீழ்ஸ்தாயி

பான்ஹமை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அவரைச் சொன்ன கணத்திலேயே பேஸ் இடத்துக்குப் பாதி முடிவு எடுத்துவிட்டீர்கள். இந்த இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

த ஹூ குழுவைப் பாருங்கள். கீத் மூன் பெரும்பாலும் ஹை-ஹாட்டில் (காலால் மூடித் திறக்கும் ஜோடிச் சிம்பல்) தாளம் பிடிப்பதில்லை. டாம்களிலும் சிம்பல்களிலும் உருண்டுகொண்டே இருப்பார். காலப்பிரமாணத்தை இழுத்துப் பிடிப்பது பீட் டவுன்ஷெண்டின் ரிதம் கிடார். அதனால்தான் ஜான் என்ட்விசில் பேஸில் தனி வாசிக்க முடிகிறது. 1965இன் 'மை ஜெனரேஷன்' பாட்டில் கிடார் சோலோ வரவேண்டிய இடத்தில் பேஸ் சோலோ வருகிறது. மூனைக் கழற்றிவிட்டு பான்ஹமை உட்கார வைத்தால் என்ட்விசிலின் சுரங்கள் ஒவ்வொன்றும் கிக்கோடு மோதும். இருவருமே பெரியவர்கள்தான், ஆனால் சேர்ந்து உட்கார மாட்டார்கள்.

எனவே பான்ஹமுக்கு ஜான் பால் ஜோன்ஸ். கண்மூடித்தனமாக அதே குழுவில் இருந்து எடுக்கவில்லை. 1969இன் 'ராம்பிள் ஆன்' கேளுங்கள். சரணத்தில் கிடார் இரண்டே கார்டுகளில் நிற்கிறது. மெட்டைப் பாடுவது பேஸ். கழுத்தில் மேல் ஃப்ரெட்டுகளில் (குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) ஏறி இறங்கி வருகிறார். பல்லவி வந்ததும் கீழே இறங்கி கிக்கோடு கட்டிக்கொள்கிறார். எப்போது பாட வேண்டும், எப்போது தூணாக நிற்க வேண்டும் என்ற அந்த முடிவுக்காகத்தான் அவர். கருவி ஃபெண்டர் ஜாஸ் பேஸ், விரலால் மீட்டுவது.

ஆறுகம்பி

அப்படின்னா பீட்டில்ஸோட பால் மெக்கார்ட்னி எங்கே? யெஸ் குழுவோட கிறிஸ் ஸ்குவையர் எங்கே? ஜோடிப் பொருத்தம் பார்க்கறது சரி, ஆனா பேஸ்னு ஒரு இழை ஓடும்போது இந்த ரெண்டு பேரை விட்டுட்டுப் போறது நியாயமில்லை.

கீழ்ஸ்தாயி

நியாயமான கேள்வி. இரண்டு பேரும் பேஸின் ஒலியையே மாற்றியவர்கள், வேறு வேறு வழியில்.

மெக்கார்ட்னி 1965இல் இருந்து ரெக்கார்டிங்கில் ரிக்கன்பேக்கர் 4001எஸ் என்ற பேஸை எடுக்கிறார். கம்பி ஃபிளாட்வவுண்ட், அதாவது மேல்சுற்று வழவழப்பாக இருக்கும் வகை. ஒலி தொடக்கத்தில் 'தும்' என்று வந்து சட்டென்று அடங்கும். 1967இன் 'சார்ஜண்ட் பெப்பர்' தட்டில் பல பாடல்களுக்குப் பேஸைக் கடைசியாக, தனி டிராக்கில் பதிந்தார். குரல், பியானோ, டிரம்ஸ் எல்லாம் எங்கே இருக்கின்றன என்று தெரிந்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் மெட்டு எழுதினார். அந்த நிதானம் சுரங்களில் தெரியும்.

ஸ்குவையரின் வழி கருவியைப் பிரிப்பது. ரிக்கன்பேக்கரின் இரண்டு பிக்கப்புகளையும் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்கள்) தனித்தனி வயரில் வெளியே எடுத்து, பிரிட்ஜ் (கம்பி கீழ்முனையில் தாங்கும் பகுதி) பக்கப் பிக்கப்பை கரகரப்பாக வைத்த கிடார் ஆம்புக்கும், கழுத்துப் பக்கப் பிக்கப்பைச் சுத்தமாக வைத்த பேஸ் ஆம்புக்கும் அனுப்பினார். யெஸ் குழுவின் 'ரவுண்டபவுட்', 1971. பிக்கால் (கம்பியை மீட்டும் சில்லு) அடித்ததும் கட்டைவிரலின் ஓரம் கம்பியைத் தொட்டுவிடுவதால் ஒவ்வொரு சுரத்தின் முகப்பிலும் ஒரு கீறல் கேட்கும். இதைச் செய்து பார்ப்பவர்கள் முழு பேஸ் சிக்னலையும் டிஸ்டார்ஷன் பெடலுக்குள் விடுகிறார்கள். அடியொலி மொத்தமும் உருகி ஓடிவிடும். கரகரப்பு மேல் பாதிக்கு மட்டும்தான். கீழ்ப்பாதி சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டு ஆம்ப் இல்லாதவர்கள், சுத்த ஒலியையும் கலக்கும் பிளெண்ட் குமிழ் உள்ள பெடலைப் பயன்படுத்தலாம்.

கம்பியைப் பற்றி ஒன்று. பளிச்சென்று பியானோ மாதிரி ஒலிக்கும், மேல்சுற்று சொரசொரப்பான ரவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பி பரவியதில் என்ட்விசிலுக்குப் பெரிய பங்கு. 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தோடு உட்கார்ந்து, நான்கு கம்பியும் ஒரே அளவு துலங்கும்படி வேலை செய்தார். ஸ்குவையரின் ஒலிக்கும் அந்த வகைக் கம்பி இல்லாமல் வழியில்லை.

புதுக்காது

வணக்கம் அண்ணா. இரண்டு சந்தேகம். ஃபோனில் கேட்டால் எனக்கு ஸ்குவையர் நன்றாகக் கேட்கிறது, மெக்கார்ட்னி பாதிக்கு மேல் கேட்கவே இல்லை. அப்புறம் 'குட் டைம்ஸ் பேட் டைம்ஸ்' பாட்டில் பான்ஹம் இரண்டு கிக் பெடல் வைத்திருந்தாரா?

கீழ்ஸ்தாயி

முதல் கேள்விக்கு நான். பேஸின் அடிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். கிடாரின் அடிக் கம்பி 82. ஃபோனின் சின்ன ஸ்பீக்கர் இந்த இரண்டையுமே சரியாக எழுப்பாது. உங்களுக்குக் கேட்பது மேலே ஒலிக்கும் துணைச்சுரங்கள் மட்டும். ஸ்குவையரிடமும் என்ட்விசிலிடமும் துணைச்சுரங்கள் ஏராளம், ஃபிளாட்வவுண்டில் குறைவு. ஆக ஃபோனில் கேட்டுவிட்டுப் பேஸ் ஆளைத் தேர்ந்தெடுத்தால், கம்பியின் வகையைத்தான் தேர்ந்தெடுக்கிறீர்கள். காதை நன்றாக மூடும் ஹெட்ஃபோன் அவசியம்.

இன்னொரு உபாயம். பீட்டில்ஸின் 'ரப்பர் சோல்' போன்ற 1965–66 காலத்துப் பழைய ஸ்டீரியோ மிக்ஸ்களில் பெரும்பாலும் வாத்தியங்களை ஒரு காதிலும் குரலை மறு காதிலும் பிரித்துவிட்டிருப்பார்கள். 'டாக்ஸ்மேன்' பாட்டில் இடது பக்கம் மட்டும் வைத்தால் பேஸும் டிரம்ஸும் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அண்மையில் புதிதாக மிக்ஸ் செய்த பதிப்பில் இது வேலை செய்யாது. (வலது பக்கம் வரும் கிடார் சோலோவும் மெக்கார்ட்னிதான், குழுவின் கிடார் கலைஞர் ஹாரிசன் இல்லை.)

தாளக்கட்டு

இரண்டாவது கேள்விக்கு: ஒரே பெடல். அந்த 1969 பாட்டைக் கேட்டு இரண்டு பாஸ் டிரம் என்று நினைத்தவர்கள் பலர். ரகசியம் திஸ்ரத்தில் இருக்கிறது. 'தகிட' என்று சொல்லிப் பாருங்கள். 'த' கையில், 'கிட' இரண்டும் காலில். மூன்றையும் காலால் அடிக்க முயன்றுதான் எல்லோரும் திணறுகிறார்கள். பழகும் முறை: நிமிடத்துக்கு 60 தட்டில் தொடங்குங்கள். குதிகாலைத் தூக்கி, பாதத்தைப் பெடல் பலகையில் சற்றுப் பின்னால் வைத்து முதல் அடி. பாதம் முன்னால் வழுக்கி இரண்டாவது அடி. இரண்டும் ஒரே பலத்தில் விழும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். முதலாவது மெலிந்து இரண்டாவது தடித்தால் பெடலின் ஸ்பிரிங் மிகவும் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

இதே 'தகிட' அவருடைய இன்னொரு உச்சத்துக்கும் சாவி. 1979இன் 'ஃபூல் இன் த ரெயின்'. நான்கு தட்டுக்கும் 'தகிட தகிட தகிட தகிட'. ஹை-ஹாட் 'த'விலும் 'ட'விலும். நடுவே உள்ள 'கி' இடது கையில், ஸ்நேர் மேல் ஓர் அங்குலத்துக்கு மேல் குச்சி எழும்பாமல், மூச்சு விடுகிற மாதிரி. மூன்றாவது தட்டின் 'த'வில் மட்டும் ஸ்நேர் முழு அடி. இது பெர்னார்ட் பர்டி பிரபலமாக்கிய நடை. அவர் ஸ்டீலி டேன் குழுவுக்கு 1977இல் வாசித்த 'ஹோம் அட் லாஸ்ட்' பாட்டையும் சேர்த்துக் கேளுங்கள். 'கி' சத்தமாகிவிட்டால் நடை நொண்டும். 'கி' கொஞ்சம் முந்திவிட்டால் திஸ்ரம் போய் சதுஸ்ரம் ஆகிவிடும். இரண்டும் நாற்பது வினாடிக்குள் நடக்கும், அதனால் உங்களையே பதிவு செய்து கேட்பதுதான் ஒரே வழி.

பான்ஹமுக்கு அடுத்து எனக்கு யார் என்றால் சார்லி வாட்ஸ். ஸ்நேர் விழும் 2, 4 தட்டுகளில் வலது கையை ஹை-ஹாட்டில் இருந்து எடுத்துவிடுவார். அந்தச் சின்ன இடைவெளியில் ஸ்நேர் தனியாக நிற்கும். ரோலிங் ஸ்டோன்ஸின் நடை முன்னால் சாயாமல் பின்னால் சாய்வது போலத் தோன்றுவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

டிராபார்888

கீபோர்டுக்கு டீப் பர்பிள் குழுவின் ஜான் லார்ட். மாற்றுக் கருத்தை வரவேற்கிறேன், ஆனால் இந்த ஒலியை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

ஹேமண்ட் ஆர்கன் மின்னணுக் கருவி இல்லை. உள்ளே ஒரு மோட்டார், அதோடு சுழலும் 91 பல்சக்கரங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காந்தச் சுருள். வாசிக்கும் கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுகட்டைகள். ஒவ்வொன்றையும் 0 முதல் 8 வரை இழுத்து ஒலியைக் கலப்போம். ராக் வாசிப்புக்கு 888000000 என்பது நல்ல தொடக்கம். பொதுவாக இது லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் பெட்டி வழியாகப் போகும். லார்ட் தன் சி3 ஆர்கனை மார்ஷல் கிடார் ஆம்புகளுக்குள் விட்டார். டீப் பர்பிளின் 1970 தட்டான 'இன் ராக்' முதல் அந்த உறுமல் கேட்கும். சர்ச் வாத்தியம் ஒன்று அதே குழுவின் ரிட்சி பிளாக்மோரின் கிடாருக்குச் சமமாக எதிரே நிற்கத் தொடங்கியது இப்படித்தான்.

செய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. இடது கையில் கீழ்ஸ்தாயியில் மூன்று சுர கார்டு பிடிக்காதீர்கள். டிஸ்டார்ஷன் அந்தச் சுரங்களைக் கூட்டியும் கழித்தும் புதிய சுரங்களை உண்டாக்கும். காந்தாரம் சேர்ந்தால் சேறாகிவிடும். ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் போதும். அடுத்தது, சுரத்தின் தொடக்கத்தில் ஒரு 'டிக்' சேர்க்கும் பெர்கஷன் விசை. இதைப் போட்டால் ஒன்பதாவது இழுகட்டை வேலை செய்யாது. மேலும் எல்லாக் கட்டைகளில் இருந்தும் விரலை எடுத்தால்தான் அடுத்த சுரத்துக்கு அந்த 'டிக்' மறுபடி வரும். விரல்களை ஒட்டி ஒட்டி வாசித்துவிட்டு "பெர்கஷன் பழுது" என்று கருவியைக் கழற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கருவியில் பழுதில்லை, விரலைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

நம் ஊருக்கு மிக முக்கியமான ஒன்று. அமெரிக்காவில் இருந்து வரும் பழைய ஹேமண்ட் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. அதன் மோட்டாரின் வேகத்தை நிர்ணயிப்பது மின்சாரத்தின் அதிர்வெண். இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஆர்கன் ஓடும், ஆனால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில். சுருதி ஏறத்தாழ மூன்று ஃப்ரெட் அளவு இறங்கிவிடும். சி அமுக்கினால் ஏ கேட்கும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் மாற்றும். 60 ஹெர்ட்ஸ் தரும் அதிர்வெண் மாற்றி தேவை. அல்லது முதலிலேயே 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த கருவியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இதோடு ஓர் எச்சரிக்கை. ஆர்கனில் இருந்து லெஸ்லிக்குப் போகும் கனமான கேபிளில் ஒலி மட்டும் போகவில்லை, உயர் வோல்டேஜும் போகிறது. அதை வெட்டி கிடார் ஜாக் பற்றவைத்து மார்ஷலில் செருகினால் ஆம்பும் போகும், உயிருக்கும் ஆபத்து. இதற்கென்று லைன் அவுட் பெட்டி இருக்கிறது. தெரிந்த டெக்னீஷியனிடம் கொடுத்துப் பொருத்துங்கள்.

ரே மன்ஸாரெக்கையும் சொல்லாமல் விட முடியாது. மேடையில் டோர்ஸ் குழுவுக்குப் பேஸ் ஆள் கிடையாது. இடது கையில் 32 கட்டைகள் கொண்ட ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ், வலது கையில் வாக்ஸ் காண்டினென்டல் ஆர்கன். ஸ்டூடியோவில் வேறு பேஸ் கலைஞர்களை அழைத்துக்கொண்டார்கள் என்பதால், மன்ஸாரெக்கின் இடது கையை எடைபோட மேடைப் பதிவுகளைத்தான் கேட்க வேண்டும்.

ஆறுகம்பி

கிடாருக்கு வர்றேன். என் தேர்வு கடைசியில. அதுக்கு முன்னாடி மூணு பேரோட கையில இருந்து கத்துக்க வேண்டியது இருக்கு.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ். வலது கைக்காரருக்கான ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரை (சுருக்கமா ஸ்ட்ராட்) திருப்பிப் பிடிச்சு, கம்பியை மறுபடி இடது கைக்கு ஏத்த மாதிரி மாட்டினார். "அதனால என்ன, கண்ணாடியில பார்த்த மாதிரிதானே"ன்னு நினைப்போம். இல்லை. பிரிட்ஜ் பிக்கப் சாய்வா இருக்கும். சாதாரணமா மெல்லிய கம்பிப் பக்கம் பிரிட்ஜை ஒட்டி இருக்கும். திருப்பினா தடித்த கம்பிப் பக்கம் பிரிட்ஜை ஒட்டிடும். அதனால கீழ் சுரங்கள் இறுக்கமா, மேல் சுரங்கள் கொஞ்சம் உருண்டையா வரும். பிக்கப்புக்குள்ள காந்தங்களோட உயரமும் தலைகீழ். பி கம்பிக்குன்னு தாழ்த்தி வச்ச காந்தத்து மேல ஏ கம்பி வந்து நிக்குது. கம்பிகளோட சத்த விகிதமே மாறிடும்.

இதைச் செஞ்சு பார்க்க ஆசைப்பட்டா வெறுமனே கம்பியை மாத்திடாதீங்க. நட்டுல (கழுத்தோட மேல்முனையில கம்பியைத் தாங்குற பட்டை) இருக்கிற வெட்டு ஒவ்வொண்ணும் ஒரு கம்பித் தடிமனுக்கு. மெல்லிய கம்பியோட வெட்டுல 46 (தடிமன், அங்குலத்துல ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்குல) போய் உட்காராது, தடித்த கம்பியோட வெட்டுல 10 ஆடும். நட்டைத் திருப்பணும் இல்லைன்னா புதுசு போடணும், பிறகு பிரிட்ஜ்ல ஒவ்வொரு சாடிலையும் (கம்பி உட்கார்ற சின்னத் தாங்கி) நகர்த்தி இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டுலயும் சுருதி, சரி பண்ணணும்.

பிளாக் சபாத் குழுவோட டோனி அயோமி. 17 வயசுல தகரத் தொழிற்சாலை விபத்துல வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனி போச்சு. அவர் இடது கைக்காரர், அதாவது கம்பியை அமுக்குற கை அதுதான். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செஞ்சு, மேல தோல் ஒட்டி வாசிச்சார். மெல்லிய கம்பி போட்டார். 1971 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' தட்டுல பல பாட்டுக்கு மூணு ஃப்ரெட் அளவு சுருதியை இறக்கினார். கணக்கு போட்டா, அதே கம்பியில மூணு ஃப்ரெட் இறக்கினா இழுவிசை சுமார் 29 சதவீதம் குறையும். விரலுக்கு இதம். கூடவே அந்த இருட்டான, தொங்குற ஒலியும் வந்துச்சு. நாம அப்படியே இறக்கினா கம்பி ஃப்ரெட்டுல மோதி கிர்ர்ங்கும். கழுத்துக்குள்ள அதோட வளைவைச் சரிசெய்யற ட்ரஸ் ராடைத் தளர்த்தி, பிரிட்ஜைக் கொஞ்சம் உயர்த்தினாதான் அடங்கும்.

ரிட்சி பிளாக்மோர். 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ரிஃபை (திரும்பத் திரும்ப வர்ற இசைத்துணுக்கு) உலகத்துல பாதிப் பேர் தப்பா வாசிக்கறாங்க. அது பவர் கார்டு (ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது) கிடையாது. டி, ஜி ரெண்டு கம்பி மட்டும்: திறந்த கம்பி, 3, 5; திறந்த கம்பி, 3, 6, 5; திறந்த கம்பி, 3, 5, 3, திறந்த கம்பி. ஒவ்வொண்ணும் நாலாவது சுர இடைவெளி, மெட்டு மேல் கம்பியில. பவர் கார்டா பிடிச்சா மெட்டு கீழ போய் பேஸோட கலந்துடும். அடுத்தது, பிக்கால வருடக் கூடாது. கட்டைவிரலும் ஒரு விரலும் சேர்த்து ரெண்டு கம்பியையும் ஒரே நேரத்துல கிள்ளணும். வருடினா ஒரு கம்பி முன்னாடி, ஒரு கம்பி பின்னாடி கேட்கும். கிள்ளினா ஒரே பாறை மாதிரி விழும்.

இவ்வளவு சொல்லிட்டு என் தேர்வு பிங்க் ஃபிளாய்டோட டேவிட் கில்மர். காரணம் கம்பி இழுப்பு. வீணையில ஒரே மெட்டில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிக்கறது நமக்குத் தெரியும். ராக் கிடார்ல அந்தப் பொறுமையோட இழுக்கறவர் அவர். 1979 'கம்ஃபர்ட்டப்ளி நம்' ரெண்டாவது சோலோவுல சுரத்தைத் தொட்டதும் நடுங்க விடமாட்டார். இழுத்து, சுருதியில நிறுத்தி, அப்புறம்தான் அசைவு. பெரும்பாலானவங்க இழுக்கும்போதே அசைக்க ஆரம்பிச்சு, கால் சுரம் கீழேயே நின்னுடுவாங்க. பயிற்சி: போய்ச் சேர வேண்டிய சுரத்தை முதல்ல ஃப்ரெட்டுல வாசிச்சுக் காதுல வாங்குங்க, பிறகு ரெண்டு ஃப்ரெட் கீழ இருந்து இழுத்து அதோட ஒட்டுங்க. ஒரே விரலால இழுக்காதீங்க; மோதிர விரல் கம்பியில, நடுவிரலும் ஆள்காட்டியும் பின்னால முட்டுக்கொடுக்கணும். கம்பியும் உதவுது. அவர் பேர்ல விக்கற ஸ்ட்ராட் செட் 10, 12, 16, 28, 38, 48. சாதாரண 10 செட்டுல 10, 13, 17, 26, 36, 46. இழுக்கற கம்பிகள் மெலிசு, அடிக் கம்பிகள் தடிப்பு.

யாழ்நரம்பு

நான்கு வாத்தியத்தோடு நிறுத்திவிட்டீர்களே. புல்லாங்குழலுக்கு ஜெத்ரோ டல் குழுவின் இயன் ஆண்டர்சனைச் சேர்க்க வேணும். ஊதும்போதே தொண்டையால் முனகுவார். குழலின் சுரமும் குரலின் சுரமும் உரசி ஒரு கரகரப்பு எழும். 1969இல் வந்த 'பூரே'யைக் கேளுங்கள். பலர் 'அக்வாலங்' பாட்டைப் போட்டுவிட்டுக் குழலைத் தேடுகிறார்கள். அந்தத் தலைப்புப் பாட்டில் குழல் இல்லை. அதே 1971 தட்டில் 'லோகோமோட்டிவ் பிரெத்' கேட்க வேணும்.

வயலினுக்கு எல். சங்கரைச் சொல்வேன். கர்நாடக இசைக் குடும்பம், சிறுவயது யாழ்ப்பாணத்தில். 1979இல் வந்த அவருடைய 'டச் மீ தேர்' தட்டைத் தயாரித்தவர் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பா. பின்னாளில் அவர் வடிவமைத்த பத்துக் கம்பி இரட்டை வயலின், டபுள் பேஸின் அடியில் இருந்து வயலினின் மேல்வரை போகும். உங்கள் ஆண்டு எல்லைக்குள் ஒரு தட்டு இருக்கிறது, எனவே விதிமீறல் இல்லை.

தாளக்கட்டு

இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். இப்போது கணக்கு: பான்ஹம், ஜோன்ஸ், கில்மர், லார்ட். நால்வரும் ஒரே அறையில் வாசித்தால் சரியாக வருமா?

கீழ்ஸ்தாயி

வராது. கில்மரின் ஒலிக்கு இடைவெளி வேண்டும். ஒரு சுரத்தை நான்கு தட்டு நிறுத்துகிறவர் அவர். அந்த நான்கு தட்டிலும் பின்னால் என்ன நடக்கிறது என்பது அப்பட்டமாகக் கேட்கும். லார்ட்டின் மார்ஷல் ஆர்கன் அதே நடு ஸ்தாயியை முழுக்க நிரப்பிவிடும். பிளாக்மோருக்கு அது எதிராளி, அதனால் பொருந்தியது. கில்மருக்கு அது சுவர். பிங்க் ஃபிளாய்டில் ரிச்சர்ட் ரைட் செய்ததைக் கவனியுங்கள்: 1973இன் 'அஸ் அண்ட் தெம்' பாட்டில் ஆர்கன் மெல்ல நகரும், கரகரப்பே இல்லை, கிடாரும் சாக்ஸஃபோனும் உட்கார மெத்தை விரித்த மாதிரி. கில்மர் வேண்டும் என்றால் ரைட். லார்ட் வேண்டும் என்றால் பிளாக்மோர்.

ஆறுகம்பி

பான்ஹமோட கில்மர் நிப்பாரா?

தாளக்கட்டு

நிற்பார். பான்ஹமை வேகத்தோடு சேர்த்தே நினைக்கிறோம். 'லெவீ பிரேக்ஸ்' மெதுவான நடை, நிறைய வெற்றிடம். நீண்ட சுரத்துக்கு அடியில் அப்படி ஒரு கிக் இருந்தால் கில்மருக்கு வசதிதான். நான் கில்மர், ரைட் பக்கம் போகிறேன்.

டிராபார்888

லார்ட்டை விட்டுக்கொடுக்க மனம் இல்லை, ஆனால் கீழ்ஸ்தாயி சொல்லும் மோதல் உண்மை. இழுகட்டையிலேயே அதற்கு ஒரு வழி உண்டு. 888000000இல் முதல் கட்டை பேஸின் எல்லைக்குள் இறங்குகிறது. இரண்டாவதுதான் டிஸ்டார்ஷனில் உறுமலைக் கிளப்புகிறது. கிடார் சுரம் நிற்கும் இடங்களில் இரண்டையும் முழுக்க உள்ளே தள்ளி மூன்றாவதை மட்டும் 8இல் விடுங்கள், நான்காவதை 4க்கு இழுங்கள்: 008400000. ஆம்பின் வால்யூமைத் தொடாமல் வலது காலால், ஆர்கனின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலைப் பாதிக்குப் பின்னால் வாங்குங்கள். சிக்னல் குறைந்ததும் மார்ஷல் தானாகச் சுத்தமாகிவிடும். கிடார் ஓய்ந்ததும் பெடலை முன்னால் தள்ளி, முதல் இரண்டு கட்டைகளையும் ஒரே கையால் வெளியே இழுத்தால் பழைய உறுமல் திரும்பும். இதை வலது கையால் செய்யாதீர்கள், மெட்டு அறுந்துவிடும். இடது கைக்குத்தான் அந்த நேரத்தில் வேலை குறைவு.